மேஸ்திரிக்கு நான் கொடுத்த மருந்து

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போனில் பேசுகிறவன் திடீரென்று கடிதம் போட்டால் நீ வேறு எதையாவது நினைத்துப் பயப்படுவாய். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்ன ஜீவனும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், அந்த நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். வாந்தி நின்றுவிட்டது என்று சொன்னாய், ஐந்தாம் மாதத்தில் அப்படித்தான் நிற்கும், உன் அம்மாவுக்கும் அப்படித்தான் நின்றது. இங்கே செய்தியெல்லாம் வழக்கம்போலத்தான். தலைமை மருந்தாளுநர் நாற்காலியில் கடைசியில் அந்தப் பையனையே உட்கார வைத்துவிட்டார்கள். மாத்திரை எண்ணும் தட்டை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், இப்போது என் விடுப்புக் கடிதத்தில் அவன் கையெழுத்துப் போடுகிறான், அதிலும் காரணம் தெளிவாக இல்லை என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு. உன் அத்தை மூன்று மாதமாகப் பேசவில்லை, நானும் பேசவில்லை, யார் முதலில் கூப்பிடுவது என்பதில் இரண்டு பேருமே கெட்டி. மாடி வீட்டுக்காரர் வழிகிற தண்ணீர்த் தொட்டியை இன்னும் சரி செய்யவில்லை, மாடிப்படிச் சுவரெல்லாம் பாசி பிடித்துவிட்டது, அவரைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், அவர் அதைக் கவனிப்பதே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பார், இப்படியே ஒரு பக்கத்தை ஓட்டிவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி இல்லை அம்மா. இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. போனில் நீ இரண்டு தடவை கேட்டாய், காட்டுங்கப்பா என்றாய், முதல் தடவை தூங்குது என்றேன், அடுத்த தடவை மாடிக்குப் போயிருக்கு என்றேன். இரண்டும் பொய். வயதாகித் தானாகப் போய்விட்டது என்று மூன்றாவதாக ஒரு பொய்யும் தயாராக வைத்திருந்தேன், சொல்ல நாக்கு வரவில்லை, அதனால்தான் கடிதம். அது என் கையால் செத்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கல்லூரியிலிருந்து நீ அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தபோது நான் எப்படிக் கத்தினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஆட்டு மந்தை மேய்க்கிற சாதி நாய் என்றாய், நம் வீட்டில் ஆடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அது வளர்ந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி வந்து எல்லாரையும் ஒரே அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. இது நாய் கிடையாது, மேஸ்திரி என்று அம்மா பேர் வைத்தாள். நம் வீட்டு மாத்திரை ஞாயிறும் உனக்கு மறந்திருக்காது. பள்ளிக்கூடங்களுக்கு நான் பூச்சி மாத்திரை கொண்டுபோகிற வாரம் வந்தால், வருடத்துக்கு இரண்டு தடவை, நம் வீட்டிலும் காலையில் வரிசை நிற்கும். முதலில் நீ, பிறகு அம்மா, பிறகு நான், கடைசியில் நாய்க்கென்று உள்ள மாத்திரையோடு மேஸ்திரி. மென்று முழுங்கு, வாயைத் திற, நாக்கைக் காட்டு என்பேன். இந்த மனுஷனுக்கு நம்மமேல இல்லாத அக்கறை நம்ம வயித்துக்குள்ள இருக்கிற புழுமேல என்று அம்மா சொல்வாள். அம்மா போய், நீயும் போன பிறகு வரிசையில் நானும் மேஸ்திரியும் மட்டும்தான். நிறுத்த மனசு வரவில்லை.

போன மாதம் அது உட்கார்ந்தபடியே பின்புறத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தது. மலத்தில் புழு இருந்தது. காதோரம் சொறிந்து சொறிந்து முடி கொட்டிப் புண்ணாகிவிட்டது. வழக்கமான மாத்திரை கொடுத்தும் அடங்கவில்லை. இந்த ஊரில் நாய் பார்க்கிற டாக்டர் ஒருவர்தான், அம்மாவின் தம்பி, உன் மாமா. ஆறு வருடமாக அவர் கிளினிக் இருக்கிற தெருவில் போனால்கூட எதிர்ப்பக்கமாகவே நடக்கிறவன் நான், இதற்காக அவர் வாசலில் போய் நிற்பேனா. மாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். ஆட்டுக்கு வாயில் ஊற்றுகிற ஐவர்மெக்டின் ஒரு பாட்டில் கேட்டேன். குடலில் இருக்கிற உருண்டைப்புழுவுக்கும் தோலில் இருக்கிற சொறிப்பூச்சிக்கும் சேர்த்து வேலை செய்கிற மருந்து, ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கே எத்தனையோ தடவை என் கையால் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் தயங்கினார், நாய்க்குன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க சார், நாலு கடை தள்ளித்தானே இருக்காரு என்றார். இருபத்தொன்பது வருஷமா மருந்து கொடுக்கிறவனுக்கு நீ பாடம் எடுக்கிறியா என்று கேட்டேன். அவர் பாட்டிலைத் துணியால் துடைத்துக் கையில் கொடுத்தார்.

எடை பார்க்கும் கருவியில் நான் மட்டும் ஒரு தடவை ஏறி நின்றேன், பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை. கழித்தால் இருபத்திரண்டு கிலோ. ஐந்தரை மில்லி. கணக்கில் பிழை இல்லை, இப்போது யாரிடம் காட்டினாலும் சரி என்றுதான் சொல்வார்கள். எனக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்று. மந்தை மேய்க்கிற சாதியில் பல நாய்களுக்கு, இந்த மருந்தை மூளைக்குள் நுழையவிடாமல் தடுக்கிற காவல் பிறவியிலேயே கிடையாது. மற்ற நாய்க்கு மருந்தாக இருப்பது அதற்கு விஷம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் என் மாத்திரையை மென்றேன், அதற்குப் பாலில் கலந்து வைத்தேன். கிண்ணத்தை நக்கி முடித்துவிட்டு என் முழங்காலை முட்டி முட்டிச் சமையலறையிலிருந்து கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று, வீட்டில் மேய்க்க வேறு ஆள் இல்லையே.

மூன்று மணிக்கு எச்சில் ஒழுகியது. ஐந்து மணிக்குக் கதவு நிலையில் மோதிக்கொண்டது. டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன், கண்மணி விரிந்தது விரிந்தபடியே இருந்தது, பார்வை போய்விட்டிருந்தது. பின்னங்கால் மடங்கிக் கீழே உட்கார்ந்தது. மாமாவின் கிளினிக் ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், அது எனக்குத் தெரியும். சட்டையை மாட்டினேன். செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். பிறகு கழற்றி வைத்தேன். காலையில் மருந்து இறங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் உண்மை அது இல்லை, அந்த ஆள் முகத்தைப் பார்த்து நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

திங்கள் காலை அதற்குத் தலையைத் தூக்க முடியவில்லை. போர்வையில் சுற்றித் தூக்கினேன், வாசல் வரை வந்து திணறி நின்றேன். மாடி வீட்டுக்காரர்தான் கார் சாவியோடு இறங்கி வந்தார், நான் கூப்பிடவில்லை, பின்னங்கால் பக்கம் பிடித்துக்கொண்டு மெதுவா சார், மெதுவா என்றார். கிளினிக்கில் மாமா என்னைப் பார்த்துவிட்டு நாயைப் பார்த்தார். அதன் கால் நாலும் வெள்ளையாக இருப்பதை, இந்த மருந்து ஆகாத மந்தை நாய்க்கு அதுதான் அடையாளமாம், ஒரு தடவை தடவிப் பார்த்தார். எதைக் கொடுத்தீங்க, எவ்வளவு கொடுத்தீங்க, எப்போ கொடுத்தீங்க அத்தான் என்று கேட்டார். ஆறு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. சொன்னேன். நேத்துக் காலையிலயா என்று மட்டும் திருப்பிக் கேட்டார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். இதுக்கு முறிவு மருந்து கிடையாது, உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியேத்தணும், அதுவரைக்கும் நாம பக்கத்துல இருக்கலாம் என்றார்.

ஐந்து நாள் இருந்தோம். ஆஸ்பத்திரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலையில் கிளினிக் திறக்கும்போது போவேன், சாத்தும்போது வருவேன். டிரிப்ஸ் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தலைப்பக்கம் அவர், இடுப்புப் பக்கம் நான். இமை மூடாததால் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், அதை நான் செய்தேன். அங்கே உதவிக்கு இருக்கிற அம்மாளுக்கு நான் யார் என்று தெரியாது, உங்களை மாதிரி படிச்சவங்கதான் சார் எங்களுக்கு வேலை வைக்கிறீங்க, படிக்காதவங்க நேரா தூக்கிட்டு வந்துடறாங்க என்றார். மாமா அவரை ஏதாவது வேலையாக வெளியே அனுப்பினார். மூன்றாம் நாள் உன் குரல் பதிவு ஒன்றை என் போனில் அதன் காதருகே வைத்தேன், பழைய பதிவு, மாப்பிள்ளை சமைத்ததைப் பற்றி நீ சிரித்துக்கொண்டே சொல்கிறாயே அது. வாலின் நுனி ஒரு தடவை அசைந்தது. அது கேட்டதால் அசைந்ததா, நடுக்கத்தில் அசைந்ததா என்று மாமாவிடம் கேட்டேன். கேட்டுதுன்னே வெச்சுக்குங்க அத்தான் என்றார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, மூச்சு நீளமாகி, இடைவெளி விட்டு, நின்றது. கிளினிக்குக்குப் பின்னால் சுவரோரம் இரண்டு பேரும் சேர்ந்துதான் குழி வெட்டினோம்.

இதோடு முடித்திருந்தால் நாய் செத்த கடிதமாகப் போயிருக்கும். குழி மூடிவிட்டு இரண்டு பேரும் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தோம். சோப்பை என்னிடம் கொடுத்துக்கொண்டே மாமா சொன்னார், அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அத்தான், அக்கா போற துக்கத்துல வந்துடுச்சு, மன்னிச்சிடுங்க என்று. அம்மா கடைசியாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால், பூச்சி மாத்திரை கொடுத்துக் கொடுத்தே என் அக்காவைக் கொன்னுட்டீங்களே என்று அவர் கத்தினாரே, அந்தப் பேச்சைத்தான் சொன்னார். அந்த மன்னிப்புக்காக ஆறு வருடம் காத்திருந்தேன், அது வந்தால் என்ன பதில் சொல்வது என்றுகூட எழுதாத குறையாக மனசுக்குள் வைத்திருந்தேன். வந்தபோது சோப்பை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

உன்னிடம் நான் சொல்லியிருந்தது என்ன, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம், நான் எவ்வளவோ கூப்பிட்டும் வர மறுத்துவிட்டாள், மாமா வேண்டுமென்றே என்மேல் பழி போடுகிறார், இதுதானே. அது பொய் அம்மா. அவள் வருகிறேன் என்றாள். வயிறு வலிக்கிறது, இளைத்துக்கொண்டே போகிறேன், ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று அவளாகவே கேட்டாள். முதலில் மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை இருந்தது நிஜம், ரத்தமும் குறைந்திருந்தது, மாத்திரை கொடுத்தேன், அது வரைக்கும் நான் செய்தது சரி. வலி நிற்காதபோது இரண்டாவது தடவை கொடுத்தேன். அப்புறம் மூன்றாவது தடவை. நான்கு மாதம். எனக்குத் தெரியாத வயித்து வலியா என்று அவளிடம் கேட்டேன், அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. என் கவுண்ட்டருக்கும் ஸ்கேன் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு வராந்தாதான். கட்டியைக் கண்டுபிடித்த பெரிய டாக்டர், நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா என்று ஆரம்பித்து, என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டபோது அழைத்துக்கொண்டு போகவில்லை என்பது தெரியும். மாமா சொன்னதில் ஒரே ஒரு தப்பு, மாத்திரை அவளைக் கொல்லவில்லை, எனக்கு எல்லாம் தெரியும் என்ற என் நினைப்புதான் அந்த நாலு மாதத்தை எடுத்துக்கொண்டது.

அந்தப் பொய்யை நம்பித்தான் நீ மாமாவோடு பேச்சை விட்டாய். கல்யாணத்துக்குக் கூப்பிடலாமாப்பா என்று ஒரு தடவை கேட்டாய், அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்றேன், நீ அழுதுவிட்டு அழைப்பிதழ் அட்டையில் எழுதியிருந்த அவர் பேரை அடித்தாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று குழாயடியில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான், பாப்பா எப்படி இருக்கா என்று. மாசமா இருக்கா என்றேன். அவர் உள்ளே போய் அலமாரியில் ஒழுங்காக இருந்த மருந்து பாட்டில்களையெல்லாம் எடுத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார். நாய் விஷயத்தை நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார், நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். மற்றதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு நேராக அங்கே போய்ச் சொல்லப் போகிறேன். முதலில் உனக்குச் சொல்லிவிட்டால் பாதி வழியில் திரும்பி வர எனக்கு இடம் இருக்காது.

மனசு பாரமாகிவிடுமே, இந்த நேரத்தில் சொல்லலாமா என்று நிறைய யோசித்தேன். பிறக்கப் போகிற பிள்ளைக்கு உன் அம்மா பக்கத்து ரத்தம் என்று இருப்பது மாமா ஒருவர்தான், அதையும் என் கோபத்துக்குக் கொடுத்துவிட முடியாது. என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அது நியாயம், சமாதானப்படுத்த நான் வரமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, ஒருக்களித்துப் படு, கனமானதைத் தூக்காதே. உடம்புக்கு என்ன வந்தாலும் அங்கே உன்னைப் பார்க்கிற டாக்டரிடம் போ, எந்த மாத்திரையையும் அவரைக் கேட்காமல் போடாதே, அப்பா சொன்னார் என்று யார் சொன்னாலும் போடாதே. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், இதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்ள மனசு வந்தால் எடுத்துக்கொள்.

மாமாவின் போன் எண்ணைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அவருக்கு ஓய்வு நேரம். மறக்காமல் அவரைக் கூப்பிடு, என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால்.

இப்படிக்கு,
உன் அப்பா