தட்டால் மூடிய மீன்தலை

அன்புள்ள அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா காரியத்துக்கு எனக்கு லீவு கிடைக்காததை நினைத்து இன்னும் அழுதுகொண்டிருக்காதே.

ஞாயிற்றுக்கிழமை மீன் சமைத்தேன். பக்கத்து அறையில் இருக்கும் சீன வெல்டர் சொல்லிக்கொடுத்த முறை. இஞ்சியோடு தக்காளியைக் குழைய வதக்கி, பொரித்த மீனைப் போட்டு, சோயா சாஸும் ஒரு கரண்டி சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். புளியும் கிடையாது, மிளகாய்த்தூளும் கிடையாது. நீ பார்த்திருந்தால் என்னையும் சட்டியையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பாய்.

என்னோடு தங்கியிருக்கும் கிரேன் ஓட்டும் அண்ணன் மட்டும் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார். "மீன் தலையை ஏன்ப்பா தட்டு போட்டு மூடி வெச்சிருக்கே? யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். வீட்டில் நீ அப்பாவுக்கு எடுத்து வைப்பதுபோலவே என் கை தானாக எடுத்து வைத்திருக்கிறது.

"இல்லண்ணே, நீங்களே சாப்பிடுங்க" என்றேன். அழுகை வரவில்லை. ருசியும் தெரியவில்லை. சட்டியைக் கழுவிவிட்டு, ஊறவைத்த துணியைத் துவைத்தேன்.

வேறு விசேஷம் இல்லை. ஊருக்கு வந்திருப்பவர் யாராவது இங்கே திரும்பினால் பெருங்காயம் கொடுத்துவிடு. கீழே, வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

அப்பா செருப்பை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே அம்மா. எனக்கும் அதே அளவுதான்.

உன் பெரியவன்