ஏழாம் எண் போல்ட்

காஜா பெராங், மலாக்கா
1944

மைத்துனனுக்கு,

துப்பாக்கி வெடித்ததற்கு என் வேலைதான் காரணம் என்று பயிற்சி முகாமில் எழுதிக் கொடுத்திருக்கிறாய். அதைத் தோளில் வைத்திருந்தது யார் என்று மட்டும் எழுதவில்லையாம்.

வெள்ளைக்காரன் போட்டுவிட்டு ஓடிய பன்னிரண்டு துப்பாக்கிகளையும் என் சைக்கிள் கடையில் வைத்துச் சரி செய்தேன். உடைந்த ஸ்பிரிங்கையும் தேய்ந்த ஊசியையும் மாற்றினேன். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட்டை ஒவ்வொன்றுக்கும் தனியாக அராவிப் பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணை அடித்தேன். மாற்றிப் போடாதே, இடைவெளி விழுந்தால் பின்பக்கமாக வெடிக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

நீயோ ஜப்பான்காரன் பார்வையிட வருகிறான் என்று எல்லா போல்ட்டையும் ஒரே வாளி மண்ணெண்ணெயில் கழுவி, கைக்கு வந்ததைச் சொருகிவிட்டாய். கேட்டால், "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு மச்சான்" என்கிறாய்.

வெடித்ததை என்னிடமே அனுப்பியிருக்கிறார்கள். துப்பாக்கியில் ஏழு, போல்ட்டில் நான்கு. அதிகாரியிடம் காட்டக் கிளம்பினேன். "மாமாவ மாட்டி விட்டுடாதீங்கப்பா" என்று உன் மருமகன் கட்டுப் போட்ட முகத்தோடு கையைப் பிடித்துக்கொண்டான்.

ஆகவே நீயே போய்ச் சொல். மற்ற துப்பாக்கிகளையும் நாளை வேறு பிள்ளைகள்தான் சுடுவார்கள்.

ஏழாம் எண் போல்ட் அங்கேதான் ஏதோ ஒன்றில் இருக்கிறது. தேடிக் கொண்டு வா, மாட்டித் தருகிறேன். அவன் வலது கண்ணுக்கு மாட்ட எதைக் கொண்டு வருவாய்?

இப்படிக்கு,
உன் அக்காளின் புருஷன்