திங்கட்கிழமைக்குள் கட்டிய ஏழு கல்வரிசைகள்

அம்மாயி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் படங்கை உதறினேன். தேத்தண்ணீருக்குக்கூட அடுப்பு மூட்டவில்லை. நேற்று மாமா தெல்தோட்டையிலிருந்து வந்து ஒரு பையை வைத்துவிட்டுப் போனார். கொழுந்து எடுக்கப் போகும்போது நீங்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் அந்தச் சாக்குப் படங்கு அதில் இருந்தது. முற்றத்தில் நின்று உதறினேன். காய்ந்த மண், தேயிலைக் கறை, போஞ்சிக் கொடியின் பச்சை வாடை எல்லாம் ஒன்றாக எழுந்தன. பக்கத்து வீட்டு நாய் வேலியோரம் வந்து மோந்து பார்த்தது. நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. உங்கள் வாடை மட்டும் கண்டி பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்திருக்கிறது.

பைக்குள் ஒரு படிவமும் இருந்தது. தோட்டத்து ஒபீஸிலிருந்து வந்தது. நீங்கள் போஞ்சி போட்ட மலைச் சரிவை இனி யார் பயிரிடுவார் என்று இந்த மாத முடிவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் நிலம் தோட்டத்துக்கே திரும்பிப் போய்விடும். இரண்டு பேர் வரை பெயர் எழுதலாம் என்று இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் நாள் முழுக்க ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள் நான். இதைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அந்தச் சரிவை நீங்கள் முதலில் தொட்டபோது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். தேயிலை செத்து, தோட்டம் கைவிட்ட அரை ஏக்கர். ஆடுகூட ஏறத் தயங்கும் சாய்வு. பகலெல்லாம் மலையில் கொழுந்தெடுத்து, தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, அந்தி வெளிச்சத்தில் அங்கே போய் மானாப் புல்லைக் கிளறிக்கொண்டிருப்பீர்கள். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் எல்லோருக்கும் அது வேடிக்கை. "கெழவிக்குப் பத்தலையாம், சம்பளம் இல்லாம ஒரு மலை எடுத்திருக்கு" என்று கடைசிக் காம்பறா வீட்டுப் பெரியப்பா சொல்வார். அப்போது உங்களுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. "கெழவின்னு சொல்றவன் வீட்டுக்குப் போஞ்சி கெடையாது" என்று நீங்கள் சொன்னீர்கள். முதல் அறுவடையில் ஒரு பிடி போஞ்சியை அவர் வீட்டு வாசலில்தான் முதலில் வைத்தீர்கள்.

உங்கள் முதல் தக்காளிப் பறிப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கொழுந்துக் கூடையையே முதுகில் மாட்டிக்கொண்டு போனீர்கள். இரண்டு கையாலும் பறித்து, முப்பது வருடப் பழக்கத்தில் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினீர்கள். கொழுந்து விழுந்தால் சத்தம் வராது. தக்காளி விழுந்தால் வரும். கூடையின் அடியிலிருந்து சாறு வடிந்து படங்கு சிவந்த பிறகுதான் நின்றீர்கள். கீழே கிராமத்துப் பாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் வேலியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கே, அது தே கொழுந்து இல்ல. தக்காளிக்கு ரத்தம் வருது."

அவள்தான் மெனிக்கே. சிங்களக் கிராமத்துக்காரி. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது முகம் பார்த்திருக்கிறீர்கள், பேசியதில்லை. அன்று அவள் வேலியைத் தாண்டி வந்து, நசுங்காததை நசுங்கியதிலிருந்து பிரித்துத் தந்தாள். நசுங்கியதைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டீர்கள். இரண்டு வீட்டிலும் அன்று தக்காளிக் குழம்புதான்.

அடுத்த நடவுக்கு அவள் உங்களை வயலுக்குக் கூப்பிட்டாள். அவர்கள் அதை அத்தம் என்பார்கள். ஒரு வீட்டு வயலில் ஊரே இறங்கி நடும், அந்த வீட்டார் பிறகு மற்றவர்கள் வயலில் இறங்குவார்கள். கூலி கிடையாது, சோறு உண்டு. நீங்கள் சேற்றில் இறங்கி நின்று முதலில் கேட்டது, "எனக்கு எந்த நெரை?" என்பதுதான். தேயிலை மலையில் ஆளுக்கொரு நிரை. கங்காணி காட்டிய நிரையைத் தாண்டி அடுத்தவள் நிரையில் கை வைத்தால் அன்றைக்குச் சண்டைதான். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. எல்லோரும் ஒரே கோட்டில் குனிந்து பின்னால் பின்னால் போனார்கள். வேகமாக நட்டவள் பக்கத்தில் தேங்கியவளுக்கும் சேர்த்து நட்டாள். அன்று திரும்பி வரும்போது வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தீர்கள். "ஒருத்திக்கும் நெரை இல்ல புள்ள. ஆனா ஒரு எடமும் விட்டுப் போகல." காடு வெட்டிய பிறகு ஒரு நிலத்தைப் பார்ப்பது போல அந்த ஊரைப் புதிதாகப் பார்த்தீர்கள்.

அதன் பிறகு மூன்று வருடம் ஒவ்வொரு நடவுக்கும் அறுப்புக்கும் போனீர்கள். மெனிக்கே வயலுக்கு மட்டுமல்ல, அவள் சொன்ன எல்லோர் வயலுக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்களை லயத்தில் பார்க்க முடியாது. ஆனால் உங்கள் சரிவுக்கு யாரையும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "அது என் பாடு" என்பீர்கள். கொடுக்கத் தெரிந்த கைக்குக் கேட்கத் தெரியவில்லை. எனக்கும் அந்தக் குறை இருக்கிறது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. ஐப்பசி மழை முடிந்து, சரிவிலிருந்து மண் இறங்கி லொறி போகும் பாதையில் கிடந்தது. தோட்டத்துத் துரை ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கினார். கோபக்காரர் இல்லை. களைத்துப் போன முகம்.

"இது யார் போட்ட தோட்டம்?"

"நாந்தாங்க தொரை."

"மண்ணெல்லாம் றோட்டுக்கு வருது. திங்கக்கெழம காலைல நான் வருவேன். கல்லு கட்டி இருக்கணும். இல்லேன்னா எல்லாத்தையும் புடுங்கிருவேன்."

"சரிங்க தொரை."

அவர் போன பிறகு அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எதும்மா சரி? ரெண்டு நாள்ல அந்த மலைக்கு யாரு கல்லு கட்டுறது? போஞ்சி எல்லாம் பூ வச்சிருக்கேம்மா." நீங்கள் கொடிகளுக்குக் கோல் ஊன்றிக்கொண்டிருந்தீர்கள். பிடுங்கப் போகிற செடிக்கு ஒருவர் கோல் ஊன்றுவதை அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு மெனிக்கே வீட்டுக்குப் போனீர்கள். கேட்கத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். கித்துள் கருப்பட்டியும் பிளேன்டீயும் தந்தாள். நீங்கள் மழையைப் பற்றிப் பேசினீர்கள், அவள் மாட்டுக்கு வந்த காய்ச்சலைப் பற்றிப் பேசினீர்கள், அவள் மகள் சோமாவின் பல் விழுந்ததைப் பற்றிப் பேசினீர்கள். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு "வாறோம் மெனிக்கே" என்று எழுந்துவிட்டீர்கள்.

அம்மாயி, உங்களிடம் கடைசி வரை சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் கோப்பையைக் கழுவி வைக்கக் குசினிக்குப் போனேன் அல்லவா? மெனிக்கே பின்னாலேயே வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "அக்கே மொகம் ஏன் அப்பிடி? பொய் சொல்ல வேணாம்." நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "நாங்க ஆளு இல்லியா அவளுக்கு?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அடுத்த நிமிடம் என் கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியை வைத்து, "நீ ஒண்ணும் சொல்லல்ல, நான் ஒண்ணும் கேக்கல்ல" என்றாள்.

ஞாயிறு விடியும்போது நீங்கள் தனியாகச் சரிவில் ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் சின்னக் கற்களைப் பொறுக்கினேன். நீங்கள் புரட்டிய கல் இரண்டு முறை கால் பக்கமாகவே உருண்டு வந்தது. பனி விலகுவதற்குள் கீழிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. மெனிக்கே முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் அலவாங்கு, மண்வெட்டி, சோற்றுப் பானை, இரண்டு பலாக்காய். நீங்கள் முழங்கால் சேற்றில் நின்று நட்டுக் கொடுத்த வயல்களின் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள்.

"என்னா மெனிக்கே இது?" என்றீர்கள்.

"அத்தம்," என்றாள். "தள்ளி நில்லுங்க அக்கே, அந்தக் கல்லு நீங்க சொன்னா கேக்காது."

கிராமத்து ஆண்களுக்கு வரப்புக் கட்டும் கை. எந்தக் கல்லின் முதுகு எந்தக் கல்லின் வயிற்றில் உட்காரும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. பெண்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கல்லை ஏற்றினார்கள். லயத்திலிருந்து எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிபோலக் கடைசிக் காம்பறா பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "சும்மா பாத்துக்கிட்டு நின்னா போஞ்சி தரமாட்டா இந்தக் கெழவி" என்று அவர் சொன்னதும் மேலேயும் கீழேயும் சிரிப்பு பரவியது. பின்னாலேயே லயமும் இறங்கியது. பலாக்காய்க் கறியும் நம் வீட்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் ஒரே வாழையிலையில் கிடந்தன. பொழுது சாயும்போது ஏழு கல்வரிசைகள் நின்றன. நீங்கள் கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசை வரை கையால் தடவிக்கொண்டே ஏறினீர்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் உட்கார்ந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

திங்கட்கிழமை துரை வந்தார். ஒரு வரிசையில் சப்பாத்துக் காலை வைத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. இன்னொன்றையும் பார்த்தார்.

"யாரு கட்டினது?"

"கூட்டாளிங்க தொரை."

அவர் சரிவின் மேல் முனை வரை அண்ணாந்து பார்த்தார். "மேல் பக்கம் ஒரு கான் வெட்டுங்க. தண்ணி ஓடணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அம்மாவுக்கு அதன் பொருள் உடனே விளங்கவில்லை. நீங்கள்தான், "பொழைச்சோம்டி, கான் வெட்டச் சொல்லிட்டாரு" என்றீர்கள். பிடுங்கப் போகிறவர் கான் வெட்டச் சொல்ல மாட்டாரே. அடுத்த மாதம் உங்கள் பெயரில் அனுமதிக் கடிதம் வந்தது.

மெனிக்கே எப்படி அறிந்தாள் என்று கேட்பவர்களிடமெல்லாம், "அவளுக்கு மூக்கு அப்பிடி. அடுத்தவ கஷ்டத்த மோந்துருவா" என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றபடி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். அதனால்தான் நானும் திருத்தவில்லை.

அந்தச் சரிவின் போஞ்சியில்தான் நம் வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்துக் கரையேறினார்கள். பேராதனைப் பல்கலைக்கழக விடுதிக்கு என்னைப் பார்க்க வந்தபோதும் போஞ்சி மூட்டையோடுதான் வந்தீர்கள். விடுதிப் பொறுப்பாளரிடம், "புள்ளைக்கு இல்லீங்க, ஒங்களுக்குத்தான். புள்ளையப் பாத்துக்குவீங்கல்ல" என்றீர்கள். கடைசி மழையில் மேல் பாதை இரண்டு இடத்தில் சரிந்து விழுந்தது. உங்கள் ஏழு வரிசைகளில் ஒரு கல் நகரவில்லை. படுத்த படுக்கையில் அதைக் கேட்டு, "நகராது" என்று மட்டும் சொன்னீர்கள்.

உங்கள் கால் ஓய்ந்த பத்து வருடமும் அந்த நிலத்தில் நின்றவள் சோமா. பல் விழுந்த அந்தச் சிறுமிதான். இப்போது அவளுக்கும் நரை விழுந்துவிட்டது. மெனிக்கேவால் இப்போது எழுந்து நடக்க முடியாது, அவளுக்கும் சேர்த்துச் சோமாதான் நடக்கிறாள். பாதி விளைச்சல் அவளுக்கு, பாதி உங்களுக்கு என்று இருந்ததெல்லாம் உங்கள் வாய்ச்சொல்லில்தான் இருந்தது. எந்தக் கடதாசியிலும் இல்லை. உங்கள் காரியம் முடிந்த மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தபோது கொடிகளுக்கெல்லாம் சோமா கோல் ஊன்றியிருந்தாள். மாமா, "பழக்கத்துல செஞ்சிருக்கு பாவம்" என்றார்.

நேற்றுப் போகும்போது அவர், "படிச்ச புள்ள நீ, ஒன் பேரப் போடு. பொறவு பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பொறவு என்னவென்று எனக்குத் தெரியும். சுற்றுலாக்காரருக்கு அறை கட்ட அந்த நிலத்தைக் கம்பளையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாமா கெட்டவர் இல்லை, அம்மாயி. மண்ணோடு மல்லாட இனி நம் வீட்டில் ஆள் இல்லை என்று நினைக்கிறார்.

எனக்கும் அந்த நிலத்தின் மேல் ஆசை உண்டு. இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல முடியாது. ஆனால் என்னுடைய ஆசை விடுமுறை நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரும் ஆசை. சோமா அங்கே விடியும் முன் நிற்கிறாள். நிலத்தில் தன் பெயரை எழுதித் தா என்று அவள் தானாகக் கேட்க மாட்டாள். உங்கள் இனம்தான். கேட்காதவர்களுக்காக நான் ஒருமுறை குசினியில் வாய் திறந்திருக்கிறேன். அது தப்பாகப் போகவில்லை.

சற்று முன் பேனாவைத் திறந்தேன். முதல் கோட்டில் சோமாவின் பெயர், இரண்டாவதில் என் பெயர். நாளைக் காலை பஸ்ஸில் தெல்தோட்டைக்குப் போய் அவள் கையெழுத்தை வாங்கி நானே ஒபீஸில் கொடுக்கப் போகிறேன். மாமாவுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. சோமாவுக்கே இன்னும் தெரியாது.