பான் எண்ணோடு ஒரு கும்பாபிஷேகம்

எலப்புள்ளி,
ஆடி 3.

அன்புள்ள மாமாவுக்கு,

தமிழ்ப்ரியா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அம்மாவைத் தவிர மற்றவர்கள் நலம். தென்னைகளும் நலம்.

கைப்பேசியில் இந்தப் பேச்சை எடுத்தாலே மஸ்கட்டில் சிக்னல் போய்விடுகிறது. ஆகவே கடிதம். லீவு முடிந்து அங்கே திரும்பும் ஷிஜுவிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். நம் குடும்பத்தில் எதையாவது மூடி வைப்பது இதுதான் முதல் தடவை.

அம்மாவின் மூட்டு ஆபரேஷன் நடக்காது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த நாளை நேற்று ரத்து செய்தேன். கள்ளுக்கு விட்ட தென்னைகளின் வாடகையை அம்மா வருடக்கணக்கில் சேர்த்து வைத்த கணக்கில், வங்கி அபராதம் பிடிக்கக்கூட இப்போது எதுவும் இல்லை.

கும்பாபிஷேகக் காணிக்கைக்கு வரிவிலக்கு ரசீது தர, பொருளாளராக எல்லோரிடமும் பான் எண் வாங்கினீர்கள். அது சட்டம், குறை சொல்ல மாட்டேன். அந்த எண்களைப் பெயர், கைப்பேசி எண், கொடுத்த தொகை எல்லாவற்றோடும் சேர்த்துக் கோயில் வாசலில் ஆளுயர பிளெக்ஸாக மாட்டியது எந்தச் சட்டம்? பான் எண் போட்டால்தான் நம் ஆட்கள் வருமானவரி கட்டுகிறவர்கள் என்று பக்கத்து ஊருக்குத் தெரியும் என யோசனை சொன்னவர் நீங்கள். விவசாய வருமானத்துக்கு வரியே இல்லாத ஊரில் இந்தப் பெருமை நன்றாக விலைபோனது. நல்லதம்பி, தன் பெயருக்கு நேரே வெற்றிடம் வரக்கூடாதென்று அக்ஷயா இ-சேவை மையத்துக்கு ஓடிப்போய்ப் புதிதாக பான் அட்டை எடுத்தார். வந்தவர்கள் அம்மனுக்கு முதுகைக் காட்டி நின்று, பிளெக்ஸோடு படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். திருடனுக்கு பஸ் செலவுகூட வைக்கவில்லை.

அம்மாவை போனில் கூப்பிட்டவன் நம் பக்கத்துப் பேச்சே பேசினானாம். "ஏனுங்காத்தா, அம்மனுக்குக் குடுத்த காசுக்கு வரி திரும்ப வருதுங்க, நாளைக்குக் கடைசி நாளுங்க" என்றிருக்கிறான். நான் வரியே கட்டினதில்லையே சாமி என்று அம்மா கேட்டிருக்கிறாள். "அம்மன் கணக்கு நமக்கென்னங்காத்தா தெரியும்?" என்றானாம். பிறகு பான் எண்ணை எழுத்தெழுத்தாக வாசித்தானாம். கமிட்டி ஆள்தான் என்று அம்மா நம்பிவிட்டாள். பணம் போடுவதற்கென்று ஏடிஎம் கார்டு எண்ணைக் கேட்டான், சொன்னாள். வந்த ஓடிபிகளையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துக் காட்டினாள்.

வெட்கப்பட்டு இரண்டு நாள் என்னிடம் மறைத்தாள். அதற்குள் பணம் பல கை மாறிவிட்டது என்றார்கள் சைபர் போலீஸில். அங்கிருந்த அதிகாரி அம்மாவிடம், "அம்மே, நம்பரொன்னும் ஆர்க்கும் கொடுக்கருதே" என்று, எந்த எண்ணையும் யாருக்கும் கொடுக்கக் கூடாதென மலையாளத்தில் அன்பாக அறிவுரை சொன்னார். நான் பிளெக்ஸின் படத்தைக் காட்டினேன்.

கமிட்டித் தலைவர் செங்கோட்டையனிடம் போய் பிளெக்ஸைக் கழற்றச் சொன்னேன். மண்டல பூஜை முடிகிறவரை தொடக்கூடாது என்றார். "கோயில் பேரு கெட்டுரும், கம்முனு இரு கண்ணு" என்றார். வீட்டில் இருந்த வெள்ளை பெயின்ட்டை எடுத்துப் போய் எண்களின் மேல் மட்டும் பூசினேன். பெயர்களைத் தொடவில்லை. "எம் பேரை அழிக்கறதுக்கு நீ யாரு?" என்று முதலில் சண்டைக்கு வந்தவர் நல்லதம்பி. அதே குரலை நம்பி அவரும் பணத்தை இழந்திருக்கிறார். அவர் மனைவி ரேஷன் கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் மட்டும் வாயே திறக்கவில்லை. வெட்கம் திருடனுக்கு நல்ல கூட்டாளி.

இரண்டாம் நாள் புது பிளெக்ஸ் வந்துவிட்டது. இந்த முறை எழுத்து பெரிது. அச்சடிக்கக் கோப்பு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ராஜா மஸ்கட்டில் இருந்து அனுப்பினான் என்றார் செங்கோட்டையன், பெருமையாக.

அம்மாவின் பணம் போனது தெரிந்த பிறகு அனுப்பியிருக்கிறீர்கள், மாமா. "உங்கம்மா எதுக்கு ஓடிபியச் சொன்னாங்க" என்று என்னிடம் கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டு, அனுப்பியிருக்கிறீர்கள்.

பணம் போனது உங்களுக்குத் தெரியாது என்றே அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். "எங்கண்ணன் பையன் ஒத்தையில கெடக்கறான், மனசு நொந்துக்குவான்" என்றாள். நீங்கள் நொந்துகொள்ளவில்லை என்பதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த பிளெக்ஸில் இன்னும் ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். வரிக்கணக்குக்குக் கடைசி நாள் நெருங்குகிறது; அந்தத் திருடனும் ஓயவில்லை. நான் சொன்னால் பெயின்ட் அடித்தவள் பேச்சு. நீங்கள் சொன்னால் பொருளாளர் பேச்சு. கோயில் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயரில் எழுதுங்கள்: எண்களை வெளியே போட்டது நம் தவறு, பிளெக்ஸைக் கழற்றுங்கள், வரி திரும்ப வருகிறது என்று எவன் கூப்பிட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள், ஏமாந்தவர்கள் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குச் சொல்லுங்கள். வள்ளியாத்தாள் என் அத்தை, அவளுக்கு நடந்துவிட்டது என்றும் எழுதுங்கள்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அம்மா நின்றபடியே தினமும் வேண்டிக்கொள்கிறாள். நானும் வேண்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன். அதற்கு முன் நீங்கள் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை மகள்,
தமிழ்ப்ரியா