பல்செட் கட்டிய பெரியவர் பாடினார்

வியாழன், பௌர்ணமிக்கு மறுநாள்.

வேங்கிக்கால் கிளினிக்கில் இன்று, இந்த ஊரிலேயே வந்து தங்கிவிட்ட ஓர் அமெரிக்கப் பெரியவருக்குப் பல்செட் பொருத்தினேன். நாற்பது வருடம் அங்கே சினிமாவில் நீதிபதி, திருடன், பிணம் என்று சின்னச் சின்ன வேடங்களில் நடித்தவர், பாடகரும்கூட. பல் போனதிலிருந்து பாடவில்லையாம். மறுபடி பாட முடியுமா என்று போன வாரம் கேட்டார். என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

இன்று கண்ணாடியில் வாயைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பாட ஆரம்பித்தார். அறையே நிறைந்துபோனது. கன்னம் வீங்கி வெளியே காத்திருந்த ஆட்டோக்காரர் கதவைத் திறந்தார்.

"யாருங்க மேடம் பாடுறது?"

"இவர்தாங்க."

"நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. என் பல்ல அப்புறமா பாத்துக்கலாம்."

மூன்று பாட்டு. கடைசியில் ஆட்டோக்காரர் கைதட்டினார், பெரியவர் அழுதார். நான் கையுறையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றிருந்தேன்.