மிச்சமிருக்கும் இருபத்திரண்டு மாதம், பதினாறு நாள்

இன்று காலை குவைத்தின் மங்காஃபில் புழுதிக் காற்று. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து போனை எடுத்தால், உன் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். இங்கிருந்து போன உன் பெட்டியை ஏழு மாதம் கழித்து இப்போதுதான் பிரித்திருக்கிறார்கள். படத்தில், மடிப்புகளில் கிழியத் தொடங்கிய ஒரு வெள்ளைத் தாள். அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்களுக்கு அந்த நாடு தரும் இலவசப் படிப்பு உரிமையின் கணக்கு அது. மொத்தம்: முப்பத்தாறு மாதம். பயன்படுத்தியது: பதின்மூன்று மாதம், பதினான்கு நாள். மீதி: இருபத்திரண்டு மாதம், பதினாறு நாள். அதற்குக் கீழே ஒரு வரி: இந்த மீதிக்குக் காலாவதி கிடையாது.

படத்தோடு அவள் எழுதியிருந்தது: "அங்கிள், அப்பான்ட பேப்பர்ல இன்னும் மந்த்ஸ் இருக்கு. நான் காலேஜுக்கு யூஸ் பண்ணலாமா?"

அந்தத் தாளை நான் முதலில் பார்த்தது உன் அறையில். பத்திரிகைக்காரனான நான் இந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடி, நீ மூன்றாம் மாடி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பத்து வயதில் அகதியாக மாமாவோடு அமெரிக்கா போய், அந்த நாட்டுப் படையில் சேர்ந்தவன் நீ. அந்த பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இந்தக் கட்டடத்தில் ஏன் கிடக்கிறாய் என்று கேட்காதவர்கள் இல்லை. "மீன் இஞ்சதான் மச்சான் மலிவு" என்பாய். பாலைவனத்தில் இருந்த அமெரிக்க முகாமின் வாசலில் உனக்கு ஒப்பந்த வேலை; பன்னிரண்டு மணி நேர டூட்டி. வந்து குளித்துவிட்டு, முட்டையைப் பொரித்தபடியே இணைய வழிப் பாடம் கேட்பாய்.

கணக்கை நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். "காசு எண்டு நினையாத. இது நாள்." முழுப் பாடத்துக்குப் பதிந்தால் ஒரு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் குறையும். பாதிப் பாடம் என்றால் பாதி மாதம். தேறினாயா என்று அந்தக் கணக்கு கேட்காது. டூட்டி மாற்றிப் போட்ட ஒரு பருவத்தில் கணக்கியல் தேர்வில் நீ தோற்றாய். அந்த நாட்களும் போயின. "ஃபெயிலாக்கின பிறகும் வெட்டிப்போட்டாங்கள். வெட்டிறதில மட்டும் பிழையே விடமாட்டாங்கள்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு அன்று எனக்குப் பிடித்திருந்தது.

மகள் கதையைச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. படையில் இருப்பவர் தன் மாதங்களைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றலாம். அதைப் படையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். கேட்ட நாளிலிருந்து இன்னும் நான்கு வருடம் சேவை செய்ய வேண்டும். நீ மறுபடி நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டபோது இதே பாலைவனத்தில் இருந்தாய். உன் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்து பதினெட்டு நாள். பிறப்புச் சான்றிதழ் எடுத்து, அதைக் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தில் பதிந்து, படையின் குடும்பப் பட்டியலில் ஏற்றும் வரைக்கும் அவள் உன் கோப்பில் இல்லை. மாற்றும் படிவத்தில் டிக் போட ஒரு பெயர் இல்லை.

"பிறகு செய்வம் எண்டு விட்டன். மாதம் எங்க ஓடப்போகுது?"

படையை விட்டு வருவதற்கு இரண்டு மாதம் இருக்கையில் அலுவலகத்துக்குப் போனாய். ஒரு மாதத்தையாவது மகள் பெயரில் போடுங்கள் என்றாய். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் திரையைப் பார்த்துச் சொன்னாள், போடலாம், இன்றையிலிருந்து நான்கு வருடத்துக்குக் கையெழுத்து வேண்டும்.

"நாலு வருசம் முடிச்சிட்டன் எண்டன். அது வேற நாலு வருசமாம். கேட்ட நாளில இருந்துதான் எண்ணுவினமாம்."

நீ கையெழுத்துப் போடவில்லை. படையை விட்டு, அமெரிக்காவில் மனைவியும் மகளும் இருந்த வீட்டுக்குப் போனாய். சரியான வேலை கிடைக்காமல் பத்தே மாதத்தில் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றின் ஆளாக மறுபடி இங்கே வந்தாய். அதே முகாம், அதே வாசல், தலைக்கு மேலே அதே வெயில். பதினொரு வருடம் நின்றாய். சீருடை மட்டும் வேறு என்பதால் அதில் ஒரு நாளும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பதின்மூன்று மாதம் செலவானதும் நீ படிப்பை நிறுத்திவிட்டாய். அதற்குத்தான் நாம் சண்டை போட்டோம்.

"ஏல, அவளுக்கு மாத்த முடியாதுன்னு ஆயிப்போச்சுல்லா? நீயாவது படிச்சு முடி. ஒரு பட்டம் மிஞ்சும்."

"இருக்கட்டும் மச்சான். நாளைக்குச் சட்டம் மாறினால்?"

"மாறலன்னா?"

"உனக்கு விசர். பேப்பர்காரன் எல்லாத்துக்கும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல் பாப்பான்."

வருடத்துக்கு ஒரு முறையாவது இதைப் பேசினோம். ஒவ்வொரு முறையும் அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்தாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், டூட்டி பஸ்ஸுக்காகக் கீழே நின்றிருந்தவன் அப்படியே உட்கார்ந்தாய். வாட்ச்மேன் ஓடிவந்து என் கதவைத் தட்டினார். நான் இறங்கி வந்தபோது பஸ் ஓட்டுநர் உன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அதனால் பயன் இல்லை; நீ அதற்குள் போயிருந்தாய்.

முப்பது வருடம் செய்தி எழுதியவன். கேட்காமல் பதில் சொல்லிப் பழக்கமில்லை. பதில் தெரிந்திருந்தும் இன்று மாலை, அங்கே அலுவலக நேரம் தொடங்கியதும் அமெரிக்காவுக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிடம் காத்திருக்க வைத்தார்கள். பேசியவர் பொறுமையான மனிதர். படையில் இருக்கும்போது மாற்றினாரா? இல்லை. பணியில் இருக்கும்போது இறந்தாரா? ஒப்பந்தப் பணியில். அது பணி ஆகாது. படையில் பட்ட காயத்தாலோ நோயாலோ இறந்தாரா? இல்லை. அப்படியானால் வழியில்லை ஐயா, வருந்துகிறேன் என்றார். அந்த இருபத்திரண்டு மாதம் இப்போது யாருடையது என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்விக்குத் தன் திரையில் இடமில்லை என்றார்.

பிறகு உன் மகளை அழைத்தேன். பதினேழு வயது. குரலில் உன் அவசரம் இருக்கிறது; தமிழ் மட்டும் தயங்கித் தயங்கி வருகிறது. சுற்றி வளைக்காமல் சொன்னேன். கிடைக்காதம்மா. முழுவதையும் விளக்கினேன்.

"அப்ப வேற காலேஜ் பாக்கணும். பரவால்ல அங்கிள்."

அவள் சேர நினைத்த கல்லூரிக்கு இனி வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். வேலைக்குப் போய்க்கொண்டே பக்கத்தில் எதையாவது படிப்பாள், அல்லது அதுவும் நின்றுவிடும். போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தபோது கேட்டாள்:

"அங்கிள், அந்த லேடி சொன்ன நாலு வருஷம், அப்பா ஏன் சைன் பண்ணல? எனக்காகப் பண்ணியிருக்கலாம்ல?"

எனக்குத் தெரியும். நீ ஒரே ஒரு முறை சொன்னாய், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்த அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தின வாரம் லீவில் வீடு போயிருந்தாய். மகளுக்கு நான்கு வயது. கதவைத் திறந்தவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் உன்னைக் காட்டி அம்மாவிடம் கேட்டாள்: "இந்த மாமா எப்ப போவார்?"

இன்னொரு நான்கு வருடம் அப்படி முடியாது என்று அந்த மேசையில் பேனாவை வைத்துவிட்டு எழுந்தவன் நீ.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை. "தெரியலம்மா" என்றேன். "ஓகே அங்கிள்" என்று வைத்துவிட்டாள். இனி என்றைக்காவது உன் மேல் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். நான்கு வயதில் தான் கேட்ட அந்தக் கேள்விதான் காரணம் என்று அவளுக்குத் தெரிவதைவிட அது தேவலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சரியா என்று கேட்க நீ இல்லை.