நாலாவது கோடு

ஜூன் 3, 2002. திங்கள்
புழுக்கம். எண்ணூர்ப் பக்கமிருந்து சாம்பல் காற்று. காலை ஷிப்டு. மணலி பிளாண்டில் மூன்று பிரஷர் கேஜ் சரிபார்த்தேன். மூன்றும் தப்பு.

அண்ணனுக்கு விரல்கள் மரத்துப் போகின்றன. மோதிரம் கழற்றச் சோப்பு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். லீவரைப் பிடித்தால் பிடித்தது தெரியவில்லையாம். தலைவலி வேறு.

காரணம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்.

அண்ணனுக்கு மூளைக்கு அடியிலிருந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்து இரண்டு வருடம். வளர்ச்சி ஹார்மோன் சுரப்பது நின்றுவிட்டது. எப்போதும் அசதி, யாரோடும் பேச்சில்லை. ஹார்மோன் ஊசி தொடங்குமுன் டாக்டர் இரண்டு பக்கமும் சொன்னார். நல்லது: தெம்பு, சதை, மனசு தெளியும். கெட்டது: வீக்கம், மூட்டு வலி, விரல் மரப்பு, சர்க்கரை. பழைய கட்டியையும் கவனிக்க வேண்டும். கொஞ்சத்தில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றலாம், அவசரமில்லை.

சிரிஞ்சில் இரண்டாவது கோடு என்றார். ஒரு மாதம் பார்த்தேன். முன்னேற்றம் மந்தம். போன மாதம் நானாகவே நாலாவது கோட்டுக்கு ஏற்றினேன். தினமும் குத்துகிறவன் நான்தானே. பிளாண்டில் முந்தின ஷிப்டு எழுதிய அளவையே அடுத்த ஆளும் எழுதிவிட்டுப் போவது வழக்கம். அதே கைப்பழக்கம். டாக்டருக்காக ஊசி அளவு எழுதும் தாளிலும் தினமும் "2".

ஜூன் 6. வியாழன்
டாக்டர். அண்ணன் கையை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. தாளைப் புரட்டி, இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதுவதில்லை என்று என்னைப் பாராட்டினார். இந்தச் சின்ன அளவுக்கே இப்படி என்றால் உடம்பு ஏற்கவில்லை என்றார். கட்டி திரும்ப வளர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திங்கள் ஸ்கேன். ஊசி நிறுத்தம். ஒருவேளை இனி எப்போதுமே.

தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பஸ்ஸில் அண்ணன் என்னிடம்: "போன மாசம் ஒரே மூச்சா மூணாவது மாடி ஏறினேன் நைனா. மறுபடியும் மூக்கு வழியா வுட்டு நோண்டுவானுங்களா?"

இரண்டாவது கோட்டிலேயே ஏறியிருப்பான். எனக்குத்தான் பொறுமையில்லை.

ஜூன் 8. சனி
தண்ணி லாரி வரவில்லை. வாங்க: பல்பு, பிளேடு, பஞ்சு. பஞ்சு எதற்கு, ஊசிதான் இல்லையே. பட்டியலில் அடித்தேன்.

அண்ணி சரியாகச் சாப்பிட்டு இரண்டு நாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது: "கட்டி திரும்ப வந்துகீதோ இன்னாமோக்கா. தம்பி மட்டும் இல்லன்னா நான் இன்னா ஆவேன்?"

கிரேனிலிருந்து தரை வேலைக்கு மாற்றச் சொல்லி மனு எழுதித் தரக் கேட்டான் அண்ணன். என் கையெழுத்து அழகாம். எழுதிக் கொடுத்தேன். நாய், நான்.

ஜூன் 10. திங்கள்
ஸ்கேனுக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நாலாவது கோடு. ஒரு மாதத்துக்கு மேல். தாள் பொய். அண்ணன் பக்கத்து நாற்காலியில்.

டாக்டர் கத்தவில்லை. ஸ்கேன் எப்படியும் வேண்டும் என்றார். அது சுத்தமாக இருந்து வீக்கமும் வடிந்தால், பழைய அளவில் மறுபடி தொடங்கலாமா என்று அண்ணனைக் கேட்டார். என்னை இல்லை. நல்லது கெட்டது எல்லாம் முதலிலிருந்து அவனிடம் சொன்னார். அண்ணன் சர்க்கரை பற்றிக் கேட்டான். கட்டி பற்றி இரண்டு தடவை கேட்டான். போன முறை எல்லாக் கேள்வியும் நான்தான் கேட்டேன், பதிலும் நான்தான் சொன்னேன்.

"போட்டுக்கறேன் சார். ஆனா நானே குத்திக்கறேன். கத்துக்குடுங்கோ."

என் பக்கம் திரும்பவில்லை.

குத்திப் பழக நர்ஸ் வெறும் சிரிஞ்சும் ஒரு சாத்துக்குடியும் கொடுத்தார். மரத்த விரல். சிரிஞ்சு நழுவிக் கீழே. எடுக்கக் குனிந்தேன். அண்ணன் என் தோளில் கைவைத்துத் தள்ளினான். அவனே முட்டி போட்டு, பரிசோதனைக் கட்டிலுக்கடியில் தேடினான்.